ஆராய்ச்சிக் கட்டுரைகளுக்கு ஒரு தேடல் புரோகிராம்: நீங்களே அமைக்கலாம்

வேளாண்மைக் கல்லூரி ஒன்றில் ஆசிரியராக இருக்கும் நண்பர் ஒருவர் என்னிடம் ஒரு வேலை கொடுத்தார். அவர்கள் துறையில் பல ஆண்டுகளாகச் சேர்த்து வைத்த ஆராய்ச்சிக் கட்டுரைகளின் தலைப்பு, ஆசிரியர் பெயர், ஆண்டு, சுருக்கம் எல்லாம் ஒரு எக்ஸெல் பைலில் இருந்தன. சுமார் 6,000 வரிகள். "பசங்க சுலபமா தேடற மாதிரி ஒண்ணு செஞ்சு கொடுப்பா" என்றார். இரண்டே வாரத்தில் செய்து கொடுத்தேன். திரையில் ஒன்பது பெட்டிகள். தலைப்புக்கு ஒன்று, ஆசிரியருக்கு ஒன்று, ஆண்டுக்கு இரண்டு, இப்படி. பார்க்கவே கம்பீரமாக இருக்கும். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்தப் பெருமை ஓராண்டு கூட நிலைக்கவில்லை. கத்தரியில் வரும் தண்டு மற்றும் காய்த் துளைப்பான் புழுவைப் பற்றி ஒரு மாணவி ஆய்வு செய்ய விரும்பினார். என் புரோகிராமில் "பிரிஞ்சால்" என்று ஆங்கிலத்தில் டைப் செய்திருக்கிறார். நான்கு கட்டுரைகள் வந்தன. தான் நினைத்த சோதனை அந்த நான்கிலும் இல்லை. சரி, இதை யாரும் செய்யவில்லை என்று முடிவு செய்து, ஒரு பருவம் முழுக்கச் செடி வளர்த்து, புழு எண்ணி, ஆய்வேட்டை எழுதி முடித்தார். வாய்மொழித் தேர்வுக்கு வெளியிலிருந்து வந்த தேர்வாளர், "இதை முன்பே செய்துவிட்டார்களே, படிக்கவில்லையா?" என்று கேட்டுவிட்டார்.

வேதனை என்னவென்றால், அவர் சொன்ன கட்டுரை எங்கள் 6,000 வரிகளுக்குள்ளேயே இருந்தது. ஆனால் அதன் தலைப்பில் "எக்பிளாண்ட்" என்று இருந்தது. அமெரிக்கர்கள் கத்தரியை அப்படித்தான் எழுதுவார்கள். பிரிட்டனில் எழுதினால் "ஓபர்ஜீன்". தாவரவியல் பெயரைப் போட்டவர்களுக்கு அது "சொலானம் மெலாஞ்ஜினா". செடி ஒன்று, பெயர் நான்கு. என் புரோகிராமுக்கு அவை நான்கு வெவ்வேறு எழுத்து வரிசைகள், அவ்வளவுதான். அந்த மாணவி தவறு எதுவும் செய்யவில்லை. தவறு என்னுடையது. அதன் பிறகு அந்த புரோகிராமை அடியோடு பிரித்து மறுபடி எழுதினேன். அப்போது கற்றுக்கொண்டவற்றைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

உயிரோடு விளையாடும் விஷயம்

சினிமாப் பாட்டைத் தேடிக் கிடைக்காவிட்டால் இன்னொரு பாட்டைக் கேட்டுவிட்டுப் போகலாம். ஆராய்ச்சித் தேடல் அப்படி அல்ல. இங்கே "விடை எதுவும் இல்லை" என்று திரையில் வந்தால், தேடுபவர் அதை "உலகில் யாரும் இதைச் செய்ததில்லை" என்று படிக்கிறார். இரண்டும் வேறு வேறு.

இதற்கு ஒரு சோகமான உதாரணம் உண்டு. 2001-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஆஸ்துமா பற்றிய ஓர் ஆய்வுக்காக, நல்ல உடல்நலத்தோடு இருந்த 24 வயதுப் பெண் தன்னார்வலர் ஒருவர் ஹெக்ஸாமெத்தோனியம் என்ற மருந்தை மூச்சு வழியாக உள்ளிழுத்தார். நுரையீரல் பாதிக்கப்பட்டு ஒரு மாதத்துக்குள் இறந்துவிட்டார். ஆய்வைத் தொடங்கும் முன் பாடநூல்களையும் பப்மெட் டேட்டாபேஸையும் பார்த்திருந்தார்கள். ஆனால் இந்த மருந்து நுரையீரலைக் கெடுக்கக்கூடும் என்ற குறிப்புகள் 1950-களின் கட்டுரைகளில் இருந்தன. பப்மெட்டில் அன்று இருந்த பதிவுகளோ 1960-களின் நடுவில் இருந்துதான் தொடங்கின. அந்த மரணத்துக்குத் தேடல் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. மேற்பார்வையிலும் குறைகள் இருந்ததாக விசாரணையில் தெரிந்தது. இருந்தாலும், மருத்துவ நூலகர்கள் இன்றுவரை மறக்காத பாடம் இது.

பிற்பாடு பழைய அச்சுத் தொகுதிகளில் இருந்த பதிவுகளையும் கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். இன்று அவை 1946 வரை பின்னோக்கிப் போகின்றன.

ஆகவே என் புதிய புரோகிராமில் முதலில் சேர்த்தது எந்தத் தொழில்நுட்பமும் அல்ல, ஒரே ஒரு வரிதான். தேடும் பெட்டிக்குக் கீழேயே, எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரையிலான கட்டுரைகள் இதில் உள்ளன, மொத்தம் எத்தனை, எந்தெந்த இதழ்கள் இல்லை என்று எழுதி வைத்தேன். அதை எங்கோ உதவிப் பக்கத்தில் மறைத்து வைத்தால் யாரும் படிக்க மாட்டார்கள்.

பப்மெட் என்ன செய்கிறது?

அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் 1997-இல் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்ட தேடல் வசதிதான் பப்மெட். 3 கோடியே 50 லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகள் உள்ளன. உங்கள் கம்ப்யூட்டரிலும் பார்க்கலாம், பாஸ்வேர்டு எதுவும் வேண்டாம். நாம் காப்பி அடிக்க அதைவிட நல்ல மாதிரி இல்லை.

அதில் "ஹார்ட் அட்டாக்" என்று சாதாரணமாக டைப் செய்து என்டர் தட்டிப் பாருங்கள். அந்தச் சொல்லே இல்லாத கட்டுரைகளும் வரும். ஏனென்றால் பின்னணியில் அது "மயோகார்டியல் இன்ஃபார்க்ஷன்" என்ற மருத்துவச் சொல்லையும் சேர்த்துக்கொண்டு தேடுகிறது. இதற்காக "மெஷ்" என்ற பெயரில் ஒரு பெரிய சொல் அட்டவணை வைத்திருக்கிறார்கள். 1960 முதல் நடந்துவரும் வேலை அது. ஒரு பொருளுக்கு ஒரே ஒரு தலைச்சொல், அதன் கீழே மக்கள் புழங்கும் மற்றப் பெயர்கள் எல்லாம். வைட்டமின் சி என்று நீங்கள் தேடினாலும், அஸ்கார்பிக் ஆசிட் என்று எழுதியவரின் கட்டுரை தப்பாது.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது வேறொன்று. நீங்கள் டைப் செய்ததைத் தான் எப்படிப் புரிந்துகொண்டேன் என்பதை பப்மெட் ஒளிக்காமல் காட்டும். "அட்வான்ஸ்டு" பக்கத்துக்குப் போய், தேடல் வரலாற்றில் "டீட்டெயில்ஸ்" என்ற இடத்தைக் கிளிக் செய்தால் முழு விரிவும் தெரியும். கம்ப்யூட்டர் தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் அங்கேயே பிடித்துவிடலாம். நம் கைபேசியில் உள்ள பல தேடல் வசதிகளுக்கு இந்த நேர்மை கிடையாது.

சரி, நம்முடையதைக் கட்டுவோம்

இதற்குப் பெரிய சர்வர் எதுவும் வேண்டாம். எஸ்க்யூலைட் என்ற இலவச டேட்டாபேஸ் போதும். 2000-ஆம் ஆண்டில் வெளிவந்தது. டேட்டாபேஸ் முழுவதும் ஒரே பைல், பென்டிரைவில் எடுத்துப் போகலாம். அதற்குள்ளேயே எஃப்டிஎஸ்5 என்ற முழு உரைத் தேடல் பகுதி இருக்கிறது. பைத்தானோ பிஎச்பியோ கொஞ்சம் தெரிந்தால் போதும், மேலே ஒரு பக்கம் போட்டுவிடலாம்.

இது இல்லாமல் "லைக்" என்ற கட்டளையை வைத்து ஒப்பேற்றலாம் என்று எல்லோரும் ஆரம்பத்தில் நினைப்போம். நானும் நினைத்தேன். அது ஒவ்வொரு வரியாகப் போய், அந்த எழுத்துகள் எங்காவது இருக்கின்றனவா என்று மட்டும் பார்க்கும். எறும்பைத் தேட "ஆன்ட்" என்று ஒருவர் டைப் செய்தார். "பிளான்ட்" என்ற சொல்லின் வாலில் அது இருப்பதால், வேளாண்மைக் கல்லூரியின் செடி கொடி எல்லாம் திரண்டு வந்து நின்றன. "ரைஸ்" என்று தேடினால் "பிரைஸ்" வரும். அரிசி கேட்டவருக்கு விலைவாசி!

முழு உரைத் தேடல் வேறு மாதிரி. பாடப் புத்தகத்தின் கடைசியில் சொல்லகராதி இருக்கும் அல்லவா, எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்று? அதைப் போலவே, ஒவ்வொரு சொல்லையும் தனியாக எடுத்து, அது எந்தெந்தக் கட்டுரை எண்களில் வருகிறது என்று முன்கூட்டியே பட்டியல் போட்டு வைத்துக்கொள்ளும். தேடும்போது பட்டியலை மட்டும் பார்த்தால் போதும். 6,000 கட்டுரைகள் அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

சொற்களைப் பிரிக்கும் இடத்தில் கொஞ்சம் கவனம் தேவை. எஃப்டிஎஸ்5-இன் வழக்கமான அமைப்பு எழுத்துகளையும் எண்களையும் மட்டுமே சொல்லின் பகுதியாக எடுத்துக்கொள்ளும். தமிழில் தலைப்பு கொடுத்தால் கால், கொம்பு, புள்ளி எல்லாம் அதற்குச் சொல் முடியும் இடங்கள்! "கத்தரி" துண்டு துண்டாகிவிடும். டேபிளை உருவாக்கும்போதே, குறிகள் அடங்கிய எம் என்ற வகையையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லிவிட வேண்டும். இது தெரியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் நான் தொலைத்தேன்.

களைக்கொல்லியான 2,4-டி இன்னொரு தொல்லை. அது 2, 4, டி என்று மூன்றாக உடையும். இந்த மாதிரிப் பெயர்களை மேற்கோள் குறிக்குள் போட்டு ஒரே தொடராகத் தேடும்படி நம் புரோகிராமே மாற்றிக்கொடுத்தால் நல்லது. சிலர், ஆங்கிலத்தின் "ஏ", "தி" போன்ற சின்னச் சொற்களை இன்டெக்ஸில் இருந்து நீக்கிவிடச் சொல்வார்கள். இடம் மிச்சமாகுமாம். நீக்கினால் வைட்டமின் ஏ வெறும் வைட்டமின் ஆகிவிடும். இன்றைய ஹார்ட் டிஸ்க்கில் அந்தச் சிக்கனம் யாருக்கு வேண்டும்?

சொல்லின் விகுதியை வெட்டி வேரை மட்டும் வைத்துக்கொள்ளும் முறையும் உண்டு. மார்ட்டின் போர்ட்டர் என்பவர் 1980-இல் வெளியிட்ட விதிகள் எஃப்டிஎஸ்5-இலேயே இருக்கின்றன. ஒருமை, பன்மைத் தொல்லை இதனால் தீரும். ஆனால் அது ஆங்கிலத்துக்கு மட்டும்தான். அதிலும் "யுனிவர்ஸ்", "யுனிவர்சிட்டி" இரண்டையும் ஒன்றாக்கிவிடும். எனவே தலைப்புக்கும் சுருக்கத்துக்கும் மட்டும் இதை வைத்துக்கொண்டு, ஆசிரியர் பெயருக்குத் தனி டேபிள் போட்டேன்.

பெயர் மாற்றுப் பட்டியல்

என் பழைய புரோகிராமில் இல்லாதது இதுதான். ஒரு சின்ன டேபிள், இரண்டே பீல்டு. ஒன்று மக்கள் டைப் செய்யும் சொல், மற்றது தலைச்சொல். பிரிஞ்சால், எக்பிளாண்ட், ஓபர்ஜீன், கத்தரி எல்லாவற்றுக்கும் எதிரே சொலானம் மெலாஞ்ஜினா. தேடும் சொல் இந்த டேபிளில் இருந்தால், அதே தலைச்சொல்லைக் கொண்ட எல்லாப் பெயர்களையும் "அல்லது" போட்டுச் சேர்த்துத் தேட வேண்டும்.

விஞ்ஞானப் பெயரைப் போட்டுவிட்டால் கவலை இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். அதுவும் மாறும். தக்காளி பல காலம் "லைகோபெர்சிகான் எஸ்குலென்டம்" என்றே எழுதப்பட்டது. இன்று "சொலானம் லைகோபெர்சிகம்". பழைய பெயரை விட்டுவிட்டால் பழைய கட்டுரைகள் போயே போய்விடும்.

முழுப் பட்டியலையும் நாமே உட்கார்ந்து டைப் செய்ய வேண்டியதில்லை. ஐ.நா.வின் உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு, அக்ரோவாக் என்ற பல மொழிச் சொற்களஞ்சியத்தை இலவசமாகத் தருகிறது. அதில் நமக்கு வேண்டிய பயிர், பூச்சிப் பெயர்களை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். நம் ஊர்ப் பெயர்களை மட்டும் கையால் சேர்க்க வேண்டியிருக்கும்.

பப்மெட் பாணியில், முடிவுகளுக்கு மேலே ஒரு வரி காட்டுகிறேன்: "பிரிஞ்சால் என்று கேட்டீர்கள், எக்பிளாண்ட், ஓபர்ஜீன், சொலானம் மெலாஞ்ஜினா ஆகியவற்றையும் சேர்த்துத் தேடினேன்." பக்கத்தில், "நான் டைப் செய்ததை மட்டும் தேடு" என்று ஒரு இணைப்பு. பூச்சிக்கொல்லியின் வணிகப் பெயரைத் தேடுபவர்களுக்கு அது அடிக்கடி தேவைப்படும்.

"உம்" என்றால் என்ன?

கடையில் "தக்காளியும் கத்தரிக்காயும் கொடுங்க" என்கிறோம். கடைக்காரர் இரண்டையும் தனித்தனியாக எடுத்து வைப்பார். கம்ப்யூட்டரின் "ஆண்ட்" அப்படி அல்ல. ஒரே பொருள் தக்காளியாகவும் இருக்க வேண்டும், கத்தரியாகவும் இருக்க வேண்டும் என்று அது பிடிவாதம் பிடிக்கும். நாம் கடையில் கேட்டது உண்மையில் "ஆர்". மாணவர்கள் இந்த இடத்தில்தான் அதிகம் வழுக்கி விழுகிறார்கள். போதாக்குறைக்கு, ஒன்றுக்கு மேற்பட்டவை கலந்து வந்தால் பப்மெட் இடமிருந்து வலமாகக் கணக்கிடும். வேறு பல டேட்டாபேஸ்களோ "ஆண்ட்"டை முதலில் கவனிக்கும். அதே வரியை இரண்டிலும் டைப் செய்தால் விடை வேறாகலாம். அடைப்புக்குறி போடுவதுதான் ஒரே பாதுகாப்பு.

நான் செய்தது இது. ஒன்பது பெட்டிகளையும் எடுத்துவிட்டு ஒரே பெட்டி வைத்தேன். டைப் செய்த எல்லாச் சொற்களும் உள்ள கட்டுரைகள் முதலில் வரும். அவை பத்துக்கும் குறைவாக இருந்தால், ஒரு கோடு போட்டு, அதன் கீழே "சில சொற்கள் மட்டும் உள்ளவை" என்று மற்றவையும் வரும். ஆண்டு, இதழ், பயிர் போன்ற வடிகட்டிகள் எல்லாம் விடை வந்த பிறகு இடது பக்கத்தில். தேடும் முன் அவற்றைக் கேட்டால், பாதிப் பேர் எல்லாப் பெட்டியையும் நிரப்ப வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்து எதையாவது போட்டுவிடுகிறார்கள்.

வடிகட்டி போட்டிருந்தால் அது கண்ணை உறுத்தும்படி தெரிய வேண்டும். பப்மெட்டில் ஒருமுறை போட்ட வடிகட்டி, நீங்கள் எடுக்கும் வரை அடுத்தடுத்த தேடல்களுக்கும் தொடரும். காலையில் "கடைசி 5 ஆண்டுகள்" என்று போட்டதை மறந்துவிட்டு, மாலையில் பழைய கட்டுரை எதுவுமே இல்லை என்று முடிவு கட்டுபவர்கள் உண்டு. நானே செய்திருக்கிறேன்.

எது முதலில்?

விடைகளை வரிசைப்படுத்த, எஃப்டிஎஸ்5-இல் பிஎம்25 என்ற கணக்கு தயாராக இருக்கிறது. அடிப்படை எளிது. எல்லாக் கட்டுரைகளிலும் வரும் சொல்லுக்கு மதிப்புக் குறைவு, அரிதாக வரும் சொல்லுக்கு மதிப்பு அதிகம். கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் விஞ்ஞானி 1972-இல் சொன்ன யோசனை இது. லண்டனில் ஸ்டீபன் ராபர்ட்சனும் உடன் உழைத்தவர்களும் 1990-களில் இதை வளர்த்து பிஎம்25 ஆக்கினார்கள். தலைப்பில் வரும் சொல்லுக்குச் சுருக்கத்தில் வருவதைவிடப் பத்து மடங்கு எடை கொடுத்தேன், நன்றாகவே வேலை செய்கிறது. ஒரு எச்சரிக்கை: எஃப்டிஎஸ்5 தரும் மதிப்பெண் குறையக் குறையத்தான் பொருத்தம் அதிகம். தலைகீழாக அடுக்கினால் உதவாதவை எல்லாம் மேலே வந்து உட்காரும்.

பப்மெட்டே பல ஆண்டுகள் புதியது மேலே என்று தேதி வாரியாகத்தான் காட்டியது. 2017-இல் பொருத்தத்தின்படி அடுக்கும் புதிய முறையைக் கொண்டுவந்து, 2020-இல் புதிய பக்கத்தை முழுமையாகக் கொண்டுவந்தபோது அதையே வழக்கமான முறையாக்கினார்கள். ஆனால் தேதி வரிசை வேண்டும் என்பவர்களுக்கு அதை விட்டுவைத்தார்கள். மாதந்தோறும் தன் துறையில் புதிதாக என்ன வந்தது என்று பார்ப்பவருக்கு அதுதான் தேவை. இரண்டுக்கும் ஒரு பொத்தான் வையுங்கள்.

இனிஷியல் தொல்லை

நம் ஊர் ஆராய்ச்சியாளர்களுக்கே உரிய பிரச்சினை இது. பப்மெட் போன்றவை குடும்பப் பெயரையும் அதன் பின்னால் முதலெழுத்துகளையும் எதிர்பார்க்கும். நமக்கோ முன்னால் இருப்பது அப்பா பெயரின் முதலெழுத்து. கந்தசாமியின் மகன் முருகன், ஒரு இதழில் "முருகன் கே." ஆவார். இன்னொரு இதழ் முழுப் பெயர் கேட்டால் "முருகன் கந்தசாமி" என்று கொடுப்பார், அவர்கள் அதைக் "கந்தசாமி எம்." ஆக்கிவிடுவார்கள். அப்பாவின் பெயரில் மகனின் கட்டுரை! கல்யாணத்துக்குப் பிறகு இனிஷியலை மாற்றிக்கொள்ளும் பெண்கள் டேட்டாபேஸில் இரண்டு பேராகிவிடுகிறார்கள்.

எழுத்துக்கூட்டல் அடுத்தது. தமிழ்ச்செல்வி என்ற பெயரை ஆங்கிலத்தில் டி என்றும் தொடங்கலாம், டிஎச் என்றும் தொடங்கலாம். ழகரத்துக்கு எல் போடுபவர் உண்டு, இசட்எச் போடுபவரும் உண்டு. ஒலியை வைத்துப் பெயரைத் தேடும் சவுண்டெக்ஸ் முறையைப் போட்டுப் பார்த்தேன். 1918-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற பழைய முறை. எல் போட்டவருக்கு டி542 என்றும், இசட்எச் போட்டவருக்கு டி524 என்றும் வந்தது. ஆங்கிலப் பெயர்களுக்காகச் செய்தது, நம் ழகரத்துக்கு எங்கே போகும்! கடைசியில் நானே சில விதிகள் எழுதினேன். டிஎச்-ஐ டி ஆக்கு, இசட்எச், இசட் இரண்டையும் எல் ஆக்கு, இரட்டை எழுத்தை ஒற்றையாக்கு. எட்டே வரி. பெயரின் எல்லாப் பகுதிகளையும் எந்த வரிசையில் கொடுத்தாலும் தேடும்படியும் வைத்தேன். வேண்டாதவை சில வரத்தான் செய்கின்றன. பரவாயில்லை, தவறவிடுவதைவிட அது மேல்.

2012-இல் தொடங்கிய ஆர்கிட் என்ற 16 இலக்க எண் இந்தக் குழப்பத்துக்கு நல்ல மருந்து. உங்கள் வீட்டில் யாராவது ஆராய்ச்சி மாணவர் இருந்தால் முதல் கட்டுரைக்கு முன்பே வாங்கி வைக்கச் சொல்லுங்கள், இலவசம்தான்.

வெறுங்கையோடு அனுப்பாதீர்கள்

விடை பூஜ்யம் என்றால் அந்தப் பக்கத்தில் என்ன எழுதுகிறோம் என்பது முக்கியம். "விடை எதுவும் இல்லை" என்ற பழைய வாசகத்தை எடுத்துவிட்டேன். இப்போது, "இந்த 6,000 கட்டுரைகளில் இந்தச் சொற்கள் ஒன்றாக வரவில்லை" என்று வருகிறது. கீழே ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக எத்தனை கட்டுரைகளில் இருக்கிறது என்ற எண்ணிக்கை. எந்தச் சொல்லுக்குப் பூஜ்யமோ அங்கேதான் கோளாறு என்று தேடுபவருக்கே தெரிந்துவிடும். எழுத்துப் பிழையாக இருந்தால், இன்டெக்ஸில் உள்ள நெருக்கமான சொல்லையும் காட்டும். தானாகத் திருத்தித் தேடிவிடுவதில்லை. பூச்சிகளின் லத்தீன் பெயர்களில் ஓரெழுத்து மாறினால் வேறு பூச்சி. கடைசியாக, "வெளியே தேட" என்று வேறு பெரிய டேட்டாபேஸ்களுக்கான இணைப்புகள்.

இன்னொரு டேபிளையும் மறக்காமல் வையுங்கள். யார் தேடினார்கள் என்பது வேண்டாம். என்ன டைப் செய்தார்கள், எத்தனை விடை வந்தது, என்று தேடினார்கள், இவை மட்டும் போதும். வாரம் ஒருமுறை, பூஜ்யம் வந்தவற்றை மட்டும் எடுத்துப் படியுங்கள். பெயர் மாற்றுப் பட்டியலில் என்ன விட்டுப்போயிற்று என்று அதுவே சொல்லும். "லேடீஸ் ஃபிங்கர்" என்று தேடியவர்களுக்கு எதுவும் வராமல் போனதை அப்படித்தான் கண்டுபிடித்தேன். கட்டுரைகளில் எல்லாம் "ஓக்ரா" என்றுதான் இருந்தது.

சீர்காழியில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரான எஸ்.ஆர்.ரங்கநாதன், 1931-இல் நூலகத் துறைக்கு ஐந்து விதிகள் வகுத்தார். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது அதில் நான்காவது. கம்ப்யூட்டரே இல்லாத காலத்தில் சொன்னது. என் ஒன்பது பெட்டிகளை அவர் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

அந்த மாணவி பிறகு கூடுதலாக ஒரு சோதனை செய்து ஆய்வேட்டைத் திருத்திக் கொடுத்தார், பட்டமும் வாங்கிவிட்டார். புதிய புரோகிராம் தயாரானதும் நண்பர் முதலில் அவரையே கூப்பிட்டு உட்கார வைத்தார். நான் பின்னால் நின்று, வாயைத் திறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் "கத்தரி" என்று தமிழிலேயே டைப் செய்து என்டர் தட்டினார். 61 கட்டுரைகள் வந்தன. சற்று நேரம் திரையையே பார்த்துவிட்டு, "சார், இதை நான் போன வருஷமே பார்த்திருக்கலாமே" என்றார். என்னிடம் பதில் இல்லை.